ஒல்லாந்தர் கணக்கேடுகளில் ஈழத்துக் கடல்: வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம்

சின்னப்பா அரசரத்தினம் (1930–1998) யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனையிலும் கோலாலம்பூரிலும் அவுஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலும் வரலாறு கற்பித்த பேராசிரியர். ஐரோப்பிய வணிகக் கம்பனிகள் ஆசியக் கடல்களில் பேரரசுகளாக வளர்ந்த விதமே அவருடைய வாழ்நாள் ஆய்வுப் பொருள். இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி, சோழமண்டலக் கரை வணிகர்கள், மலாயா இந்தியர் என மூன்று துறைகளில் அவர் எழுதியவற்றைப் படிக்காமல் இன்று எவரும் அவற்றில் ஆய்வு தொடங்குவதில்லை. ஆயினும் தமிழ் வாசகர்கள் பலருக்கு அவர் பெயர் புதிதாகவே இருக்கும். முக்கியமான நூல்கள் எல்லாவற்றையும் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அவை நூலக அலமாரிகளிலும் ஆய்வாளர் கைகளிலுமே தங்கிவிட்டன.

அவர் ஆராய்ந்த உலகம் எது என்பதை விளங்கிக்கொள்ள ஊர்காவற்றுறையே நல்ல இடம். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு முன்னால் விரியும் பரவைக்கடலில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் கோட்டை வாசல் வரை வர இயலாது. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும், அதாவது இன்றைய காரைநகருக்கும், இடைப்பட்ட கடற்காலில் அவை நங்கூரமிடும். அங்கிருந்து சரக்கைத் தோணிகள் பட்டினத்துக்கு ஏற்றிச் செல்லும். குடாநாட்டுக்குள் வரவும் போகவும் இதுவே வாசல்.

இந்த வாசலின் வயது ஐரோப்பியர் வருகையைவிட மிக அதிகம். நயினாதீவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. பரதேசி வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது ஊர்காவற்றுறையில், பாதுகாப்போடு தங்க வேண்டும் என்று அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிகுதி உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அது விதிக்கிறது. கப்பல் உடைவதற்கும் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தக் கடலில் எவ்வளவு போக்குவரத்து நடந்திருக்க வேண்டும்! போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்து சேர்ந்தது ஆளில்லாத வெறுங்கடலுக்கு அல்ல. அரசரத்தினம் பின்னாளில் சான்று சான்றாக எடுத்து நிறுவிய கருத்தின் வித்து இக்கல்வெட்டிலேயே இருக்கிறது.

1602இல் ஆம்ஸ்டர்டாம் முதலான நகர வணிகர்கள் சேர்ந்து அமைத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்படிக்கை செய்துகொண்டு இலங்கையில் கால்வைத்தது. 1656இல் கொழும்பும் 1658 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையிலிருந்து அதன் கைக்கு மாறின. ஊர்காவற்றுறைக் கடற்காலின் நடுவே நிற்கும் கடற்கோட்டையும் அந்த ஆண்டே வீழ்ந்தது. குடிதண்ணீர் இல்லாமற்போனதே அங்கிருந்த படையைப் பணியவைத்தது. வெற்றி பெற்றவர்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆனது. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றுள் டெல்ஃப்ட் ஒன்றே இன்றும் ஆங்கில வழக்கில் நிலைத்திருக்கிறது.

இந்த ஆட்சி ஏறத்தாழ 137 ஆண்டுகள் நீடித்து, 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததோடு முடிந்தது. அது விட்டுச்சென்றவற்றில் கோட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றைவிடப் பெரிய சொத்து காகிதம். கம்பனி எதையும் எழுதிவைத்தது. எந்தத் துறைக்கு எந்தத் தோணி வந்தது, யாருடைய சரக்கு, எவ்வளவு தீர்வை, எத்தனை யானை விற்பனையாயிற்று, எந்தக் கிராமத்தில் எந்தச் சாதியார் எத்தனை பேர், யார் ஊழியம் செய்ய வேண்டியவர் என்பதெல்லாம் கடிதங்களிலும் கணக்குகளிலும் தோம்புகள் எனப்பட்ட நில, குடிப் பதிவேடுகளிலும் பதிவாகி, ஆண்டுதோறும் கம்பனியின் ஆசியத் தலைமையிடமான பத்தேவியாவுக்கும் ஒல்லாந்துக்கும் போயின. கம்பனியின் ஆவணங்களில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள் இன்று ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன் ஆகிய நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. தமிழரின் 17, 18ஆம் நூற்றாண்டு வாழ்க்கையைப் பற்றிய மிக நெருக்கமான குறிப்புகளில் பெரும்பகுதி, தமிழர் படிக்க முடியாத ஒரு மொழியில், படிக்கக் கடினமான பழங்கையெழுத்தில் கிடந்தது. அதைத் திறந்து படித்த முதல் தலைமுறைத் தமிழ் ஆய்வாளர்களில் அரசரத்தினம் ஒருவர்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புப் பாடமாகப் பயின்று முதல் வகுப்பில் தேறியவர் அவர். அந்தக் காலத்தில் இத்தகைய மாணவருக்கு அடுத்த படி இலண்டன். 1950களின் நடுவில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுக்காக அவர் ஒல்லாந்த மொழி கற்று, ஹேக் நகரின் அரச காப்பகத்தில் இருந்த கம்பனி ஆவணங்களைப் படித்தார். அந்த ஆய்வு 1958இல், இலங்கையில் ஒல்லாந்தர் அதிகாரம், 1658–1687 என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில், அதே பதிப்பகம், பேராதனையின் இன்னொரு வரலாற்றாசிரியரான கே. டபிள்யூ. குணவர்தனவின் நூலையும் வெளியிட்டது. அது 1638 முதல் 1658 வரையான இருபது ஆண்டுகளைப் பற்றியது. ஒரு சிங்கள அறிஞரும் ஒரு தமிழ் அறிஞரும் அடுத்தடுத்த காலப்பகுதிகளைப் பகிர்ந்துகொண்டு, அரை நூற்றாண்டு வரலாற்றை மூல ஆவணங்களிலிருந்து எழுதி முடித்தார்கள். இலங்கை வரலாற்று ஆய்வின் மிக நல்ல தருணங்களில் இது ஒன்று.

முதல் நூலிலேயே அரசரத்தினத்தின் கை தெரிகிறது. கம்பனியை ஒரே மனமும் ஒரே குரலும் கொண்ட சக்தியாக அவர் காட்டவில்லை. கொழும்பில் தேசாதிபதியாக இருந்த ரைக்லோப் வன் கூன்ஸ், இலங்கையின் உள்நாடு வரை படை நடத்தி நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்று துடித்தவர். பத்தேவியாவில் மேலதிகாரியாக இருந்த மாட்சைக்கர், தாமே முன்னர் இலங்கையை ஆண்ட அனுபவத்தோடு, செலவைக் கணக்குப் பார்த்தவர். 1660களின் நடுவில் கம்பனி கண்டி இராச்சியத்தின் எல்லைக்குள் புகுந்தது. 1670இல் இராஜசிங்கன் திருப்பித் தாக்கியபோது அந்த விரிவாக்கம் நின்றது. பின்னர் தேசாதிபதியான லோரன்ஸ் பைல், கண்டியோடு இணங்கிப் போகும் வழியைத் தேடினார். இராஜசிங்கன் இறந்த 1687ஆம் ஆண்டோடு நூல் முடிகிறது. ஒரு பேரரசின் போக்கு அதன் தலைநகரில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. எதிரே நிற்கும் உள்நாட்டு மன்னனும், கறுவா உரிக்க மறுக்கும் தொழிலாளியும், அரிசி கொண்டுவராத வணிகனும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறார்கள் என்பது அந்த நூலிலிருந்து தெளிவாகிறது.

பட்டம் பெற்றுத் திரும்பிய அரசரத்தினம் பேராதனையில் விரிவுரையாளராக இருந்த காலம் இலங்கை அரசியல் திசைமாறிய காலம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958இல் இனக் கலவரம் வெடித்தது. அந்த ஆண்டுகளிலும் அதன் பின்னரும் அவர் எழுதிய கட்டுரைகளில் கண்டியின் வெளியுறவும் வணிகமும், ஒல்லாந்தரின் வணிகக் கொள்கை இந்திய–இலங்கை வணிகத்தை என்ன செய்தது என்பதும் ஆராயப்பட்டன. அவற்றோடு, 1961இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரை, 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் யாழ்ப்பாணத் தமிழரின் வணிகமும் வேளாண்மையும் எப்படி இருந்தன என்பதை விவரித்தது. அளவில் சிறியது என்றாலும், குடாநாட்டையும் தீவுகளையும் பற்றி அறிய விரும்புவோருக்கு அவருடைய பெரிய நூல்களுக்கு எந்த வகையிலும் குறையாத மதிப்புடையது அது.

அந்த வணிகத்தில் யானைக்கே முதலிடம். வன்னிக் காடுகளிலும் தெற்கிலும் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. கோல்கொண்டா அரசின் ஆட்சிப் பகுதியிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வணிகர்கள் துணியும் காசும் கொண்டுவந்து அவற்றை வாங்கினார்கள். ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். யானைக்கு அடுத்துப் பனை. பனஞ்சட்டங்களும் வளைகளும் அக்கரைக்குப் போயின. துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் சாயவேரைத் தீவுகளின் மணல் நிலங்களிலும் மன்னாரிலும் தோண்டி எடுத்தார்கள். சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலானது. யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரையில் நல்ல விலைக்குப் போயிற்று. நெடுந்தீவில் ஒல்லாந்தர், போர்த்துக்கேயரைப் போலவே, குதிரை வளர்த்தார்கள். இன்று அங்கே மேயும் காட்டுக் குதிரைகள் அந்த மரபின் மிச்சம்.

இவற்றுக்கு ஈடாக உள்ளே வந்தவற்றில் அரிசியும் துணியும் முக்கியம். அரிசிதான் இந்தப் பொருளாதாரத்தின் உயிர்நாடி. குடாநாட்டு நெல் மழையை நம்பியது. தீவுகளில் அதுவும் அரிது. தஞ்சைக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நெல்லும் அரிசியும் வராத ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அடுப்பு எரியாது. ஆகவே கடலைக் கடந்துபோவது இங்கே சிலருடைய தொழிலாக மட்டும் இருக்கவில்லை. எல்லோருடைய சோற்றுக்கும் அதுவே வழி.

இந்த ஏற்பாட்டின் குறுக்கே கம்பனி நின்றது. கப்பலோட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே வரலாம். துணி, பாக்கு முதலிய சரக்குகளில் கம்பனிக்கே உரிமை என்று 1670 முதல் விதிகள் இறுகின. சரக்கை விற்க வழியில்லாத இந்திய வணிகர், அரிசியை மட்டும் ஏற்றிக்கொண்டு வர மனம் வைக்கவில்லை. துணி வராதபோது அரிசியும் வராமல் போனது. தட்டுப்பாடு முற்றியதும் அதிகாரிகள் விதியைத் தளர்த்தினார்கள். நிலைமை சீரானதும் மறுபடி இறுக்கினார்கள். ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்திருந்த இந்த வணிகத்தில் இலாபம் தரும் இழையை மட்டும் தனியே உருவி எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பனி எண்ணியது. அந்த எண்ணமே துறைகளைப் பாழாக்கியது என்பதை அரசரத்தினம் கம்பனியின் சொந்த ஆவணங்களைக் கொண்டே காட்டினார். அவற்றில் சிறந்தவை, பதவி மாறிச் செல்லும் தளபதி தனக்குப் பின் வருபவருக்கு எழுதிவைத்த கையளிப்பு அறிக்கைகள். 1697இல் யாழ்ப்பாணத் தளபதி ஹென்ட்ரிக் ஸ்வார்டகுரோன் எழுதிய அறிக்கை இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். மேலிடத்துக்கு இனிக்கும் செய்தி மட்டும் எழுதப்படும் கடிதங்களைவிட, பொறுப்பேற்பவர் தடுக்கி விழக்கூடாதே என்று எழுதப்பட்ட இந்த அறிக்கைகளில் உண்மை அதிகம்.

கடல் வணிகத்தின் இருண்ட பக்கத்தையும் அவர் விடவில்லை. 1650களின் இறுதியில் தஞ்சைப் பகுதியில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, நாகபட்டினத்தைப் பிடித்திருந்த ஒல்லாந்தர் பட்டினி கிடந்த மக்களை அடிமைகளாக வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் யாழ்ப்பாணத்துக்கும் இலங்கையின் பிற பகுதிகளுக்கும் பத்தேவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு இந்துமாக்கடல் அடிமை வணிகம் பற்றி அவர் பின்னர் எழுதிய கட்டுரை, தமிழர் வரலாற்றில் பேசப்படாத பகுதி ஒன்றைத் திறந்தது.

'தமிழ் கல்ச்சர்' இதழை நடத்தியவர் சேவியர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைத் தீவின் கரம்பொன் கிராமத்தில் 1913இல் பிறந்தவர். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக அவர் கோலாலம்பூர் போனார். அதே காலத்தில் அரசரத்தினமும் பேராதனையை விட்டு அத்துறையில் சேர்ந்தார். தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தமிழின் முதல் அச்சு நூல்களைத் தேடியவர். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரொவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் அந்தத் துறையின் சார்பிலேயே படியெடுத்து வெளியிட்டார். முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. ஒருவர் நூல்களைத் தேடினார், மற்றவர் கணக்கேடுகளைத் தேடினார். இருவர் நம்பிக்கையும் ஒன்றே. தமிழருடைய கடந்த காலத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் வெளியே, பிறர் மொழிகளில் இருக்கிறது. அதைப் போய்த் தேட வேண்டும் என்பதே அது.

மலாயா வாழ்க்கை அரசரத்தினத்துக்கு இரண்டாவது ஆய்வுத்துறையைத் தந்தது. மலாயாவில் கொண்டாடப்படும் இந்தியர் திருவிழாக்கள் பற்றி 1966இல் ஒரு சிறு நூல் எழுதினார். 1970இல் 'மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்' என்று பொருள்படும் நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. கங்காணி முறையில் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது, செட்டியார்களின் வட்டித்தொழில், அரசு அலுவலகங்களில் வேலைசெய்த நடுத்தர வகுப்பினர், 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது, ஜப்பானியர் ஆட்சியில் தொழிலாளர் பட்ட துன்பம், விடுதலைக்குப் பின் குடியுரிமை எனச் சமூகத்தின் முழு வரலாற்றையும் ஒரே நூலில் கோத்துச் சொன்ன படைப்பு அது. பின்னர் அவர் அங்கே வரலாற்றுத் துறைப் பேராசிரியரானார். ஆனால் 1970களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேட்டுநிலத்தில், கடலைக் காணவே தொலைதூரம் போக வேண்டிய ஆர்மிடேல் நகரத்தில் இருந்தபடியே, கடல் வணிகம் பற்றிய தம் மிகப் பெரிய நூல்களை அவர் எழுதினார்.

அவற்றுள் முதலில் வந்தது ஒரு மொழிபெயர்ப்பு. 1724 முதல் 1726 வரை வெளிவந்த பிரான்சுவா வலன்டைனின் பெரிய ஒல்லாந்த நூலில் இலங்கையைப் பற்றிய முதல் அத்தியாயங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, விரிவான முன்னுரையும் குறிப்புகளும் சேர்த்து 1978இல் ஹக்லூயிட் சங்கத்தின் வழியாக வெளியிட்டார். வலன்டைன் தாம் கண்டதை எழுதியதைவிடப் பிறரிடமிருந்து எடுத்தாண்டதே அதிகம். எந்த வரி எங்கிருந்து வந்தது, எதை நம்பலாம் என்று பிரித்துக் காட்டும் பொறுமை அரசரத்தினத்துக்கு இருந்தது. ஒல்லாந்த மொழி அறியாத ஒரு மாணவர் இன்று 18ஆம் நூற்றாண்டு இலங்கையைப் படிக்க முடிகிறது என்றால் அதற்கு இத்தகைய உழைப்பே காரணம்.

1986இல் வந்தது 'சோழமண்டலக் கரையின் வணிகர்கள், கம்பனிகள், வணிகம், 1650–1740' என்ற பொருளுடைய நூல். அவருடைய தலைசிறந்த படைப்பு இதுவே என்று துணிந்து சொல்லலாம். அந்தக் காலத்து அறிஞர் உலகில் ஆசிய வணிகரைப் பற்றி ஒரு கருத்து வலுவாக இருந்தது. ஒல்லாந்த அறிஞர் வான் லியூர் எழுதியவை 1955இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, ஆசிய வணிகம் பெரும்பாலும் சில்லறைச் சுமை வணிகமே, தலைச்சுமையாகச் சரக்கைத் தூக்கித் துறைக்குத் துறை அலைந்தவர்களின் தொழிலே என்ற எண்ணம் பரவியிருந்தது. அரசரத்தினம் தம் நூலில் காட்டிய மனிதர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பழவேற்காட்டு மலையா செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் கப்பல்கள் வைத்திருந்தார்கள், வரி வசூல் குத்தகை எடுத்தார்கள், அரசர்களோடும் ஒல்லாந்தரோடும் ஒரே நேரத்தில் பேரம் பேசினார்கள். சென்னையில் 1680இல் இறந்த காசி வீரண்ணா ஆங்கிலக் கம்பனியின் தலைமை வணிகராக ஊரையே தம் கைக்குள் வைத்திருந்தார். கீழக்கரை, காயல்பட்டினம், பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் கப்பல்கள் அச்சே, கெடா, மலாக்கா வரை போயின. இலங்கையின் துறைகளும் அவர்களுக்குப் பழக்கமானவை. மசூலிப்பட்டினத்திலிருந்து பாரசீக வளைகுடாவுக்கும் பெகுவுக்கும் கப்பல்கள் ஓடின. ஊர்காவற்றுறையில் யானை ஏற்றியவர்கள் இந்த உலகத்தைச் சேர்ந்தவர்களே.

ஐரோப்பியக் கம்பனிகளுக்குத் துணி வேண்டும். நெசவாளருக்கு முன்பணம் வேண்டும். இடையில் வணிகர் நின்றார். முன்பணம் மூழ்கிவிடாமல் இருக்க, கம்பனிகள் வணிகர்களைக் கூட்டுப் பங்கு அமைப்புகளாகச் சேர்த்தன. 17ஆம் நூற்றாண்டு முழுவதும் இது ஏறக்குறையச் சமபலத்தோடு நடந்த பேரமாகவே இருந்தது என்பது அரசரத்தினத்தின் முடிவு. கம்பனிக்கு வணிகர் தேவைப்பட்டார். வணிகருக்குக் கம்பனி பல வாடிக்கைகளில் ஒன்று. அந்தச் சமநிலை எப்போது, எப்படிக் கவிழ்ந்தது? அதற்கான விடையை 1996இல் வெளியான, 1750 முதல் 1800 வரையான தென்கிழக்கு இந்தியாவில் கடல் வணிகமும் ஆங்கில அதிகாரமும் பற்றிய நூலில் தந்தார். ஆங்கிலேயர் நிலவரி வாங்கும் அரசாக மாறியதும் பேரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வணிகரை ஒதுக்கிவிட்டுக் குமாஸ்தாக்களை வைத்து நேரே நெசவாளரிடம் போனார்கள்; நெசவாளருக்குத் தம் துணியை விரும்பியவருக்கு விற்கும் உரிமை பறிபோனது. கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் போரிட்ட காலத்தைத் தமிழர்கள் வீரக்கதையாக அறிவார்கள். அதே ஆண்டுகளில் தறிக்குழிகளிலும் துறைமுகங்களிலும் நடந்த தோல்வியை அறிய இந்த நூலைப் படிக்க வேண்டும்.

அவர் கருத்துகளுக்கு மறுப்பும் எழுந்தது. வணிகரையும் ஆட்சியாளரையும் அவர் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கிறார், உண்மையில் ஒரே ஆள் இரண்டு வேடமும் பூண்டிருந்தான் என்று பின்வந்த சஞ்சய் சுப்ரமணியம் போன்றோர் அழுத்திச் சொன்னார்கள். தமிழ் வணிகர்களின் சொந்த ஏடுகள் மிஞ்சாத நிலையில், அவர்களைக் கம்பனிக் குமாஸ்தாவின் கண் வழியாகவே பார்க்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆயினும் அந்தக் கண் மறைத்ததையும் சேர்த்துப் படிக்க அரசரத்தினம் அறிந்திருந்தார். வங்காளத்து அஷின் தாஸ்குப்தா சூரத்துக்கும் மலபாருக்கும், ஓம் பிரகாஷ் வங்காளத்துக்கும் செய்ததை அவர் தமிழ், தெலுங்குக் கரைகளுக்குச் செய்தார். அந்தத் தலைமுறையின் உழைப்பால்தான் இந்துமாக்கடல் வரலாறு வாஸ்கோ டகாமாவோடு தொடங்கும் கதையாக இல்லாமல் போனது.

யாழ்ப்பாணத்தை அவர் மறக்கவில்லை. 1981இல் எழுதிய ஒரு கட்டுரையில் 18ஆம் நூற்றாண்டு வடஇலங்கையில் வெள்ளாளர் ஆதிக்கம் எப்படி இறுகியது என்பதை ஆராய்ந்தார். ஒல்லாந்தர் நிலத்தையும் சாதியையும் தோம்பில் பதிந்தார்கள். 1707இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமை, பன்னிரண்டு முதலிமாரின் ஒப்புதலோடு சட்டமானது. பழைய வழக்கம் எழுத்தில் ஏறியபோது, எழுதத் தெரிந்தவர்களின், பதவியில் இருந்தவர்களின் பிடி பலமானது. ஒரு சாதியின் கை ஓங்கிவிடக் கூடாது என்று மடப்பள்ளியார் என்ற இன்னொரு சாதியாரையும் பதவிகளில் வைக்க ஒல்லாந்தர் முயன்றார்கள். ஆயினும் கணக்குப்பிள்ளைகளையும் முதலிமாரையும் நம்பாமல் அவர்களால் ஆள முடியவில்லை. சொந்தச் சமூகத்தின் மேல்தட்டைப் பற்றி இவ்வளவு தெளிவாகவும் தயக்கமின்றியும் எழுதியதற்காக அவரை மதிக்க வேண்டும்.

1982இல், இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர் தந்தை செல்வாவின் நினைவுச் சொற்பொழிவில், இலங்கைத் தமிழரின் பொருளாதாரத்துக்கு வரலாற்று அடித்தளம் எது என்பதை அவர் எடுத்துரைத்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டிருந்தது. அவருடைய சொற்பொழிவின் மையம் கடலே. வடக்கின் தமிழர் நிலத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். அக்கரையோடும் மலையாளக் கரையோடும் வங்காளத்தோடும் கொண்ட வணிகமே அவர்கள் வாழ்வைத் தாங்கியது. அந்தத் தொடர்பு ஒல்லாந்தர் விதிகளால் அறுபட்டுச் சுருங்கியது. 1983இன் கலவரத்துக்குப் பின்னர், 1986இல், விடுதலைக்குப் பிந்திய இலங்கையில் தேசியமும் இனவாதமும் பற்றிய அவருடைய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆவணக் காப்பக வரலாற்றாசிரியர் ஒருவர் தம் காலத்து அரசியலைப் பற்றி எழுதிய நூல் என்ற வகையில் அது தனித்து நிற்கிறது.

1990களில் அவருடைய எழுத்து வேகம் கூடியது. 17ஆம் நூற்றாண்டுக் கடல்சார் இந்தியா பற்றிய நூலும், அனிருத்த ராயோடு சேர்ந்து மசூலிப்பட்டினம், கம்பாயத் துறைமுகங்கள் பற்றி எழுதிய நூலும் 1994இல் வந்தன. சிதறிக் கிடந்த கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாயின. 1996இல் வந்த தொகுதி, இலங்கையும் ஒல்லாந்தரும் என்ற பொருளில், இளமையில் பேராதனையில் எழுதியவை முதல் பல கட்டுரைகளை ஒன்றாகக் கட்டித் தந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1998இல், அவர் காலமானார்.

அவர் இலண்டனிலிருந்து ஹேக் வரை பயணம் செய்து, கட்டுக் கட்டாக அவிழ்த்துப் படித்த ஆவணங்களில் பெரும்பகுதியை ஒல்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இப்போது படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் அந்தப் பழங்கையெழுத்தைக் கணினி கொண்டு எழுத்துருவாக்கி வருகிறார்கள். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்ற பெயர்களைத் தட்டெழுதினால் அவை வரும் பக்கங்களைத் தேடி எடுக்கும் காலம் வந்துவிட்டது. தோம்புகள் உட்பட ஒல்லாந்தர் காலத்து ஆயிரக்கணக்கான தொகுதிகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. இவற்றைப் படிக்க ஒல்லாந்த மொழி தெரிந்த தமிழ் மாணவர்கள் வேண்டும். அந்த மொழியைக் கற்பிக்கும் ஏற்பாடு யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்டால், தீவுகளின் 17, 18ஆம் நூற்றாண்டு வரலாற்றைக் கிராமம் கிராமமாக எழுதலாம்.